இயற்பியல் படித்தவளை உயிரியல் ஆய்வகத்தில் சேர்ப்பார்களா?

அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்: "அக்கா, மார்த்தாண்டத்தில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உயிர் இயற்பியல், நானோ மருத்துவம், மூலக்கூறு உயிரியல் இதிலெல்லாம் ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆனால் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்ததால் உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டாச்சு. என்னைச் சேர்ப்பார்களா? விஞ்ஞானி ஆக எத்தனை வருஷம் ஆகும், அதுவரை செலவுக்கு என்ன வழி? அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். பி.எட். முடித்து டீச்சர் ஆகு என்று வீட்டில் சொல்கிறார்கள்."

சேர்ப்பார்கள். தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நானும் இயற்பியல்தான். குலசேகரத்துக்காரி. எங்கள் வீட்டிலும் ஐம்பது மூடு ரப்பர் உண்டு. பி.எட். விண்ணப்பத்தை அப்பா வாங்கி மேசைமேல் வைத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நம் குமரி மாவட்டத்தில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆனால் சயின்டிஸ்ட் என்றால் நமக்கு ராக்கெட் மட்டும்தான். அதில் தப்பும் இல்லை. கே. சிவன் நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் படித்து இஸ்ரோ தலைவர் ஆனவர், இப்போது வி. நாராயணன், அவரும் நம் ஊர்க்காரர். மலைக்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரி. நான் பிஎச்.டி. சேர்ந்த சமயம் மாமி கேட்டார், "இஸ்ரோவிலயா மக்ளே?" இல்லை மாமி, புரதம், செல் என்று இழுத்தேன். "அப்போ டாக்டருக்கா?" அதுவும் இல்லை. அத்தோடு அவருக்கு என்மேல் இருந்த நம்பிக்கை பாதி போய்விட்டது. உன் வீட்டிலும் இந்த உரையாடல் நடக்கும், தயாராக இரு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்ன மூன்று பெயரையும் மூன்று தனி வேலைகளாக நினைக்காதே. பிஎச்.டி. நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றைச் சொன்னால் புரியும். ஒரு புரத மூலக்கூறு, பாக்டீரியாவுக்குள் ஒரு மைக்ரோமீட்டர் தூரம் தானாக விரவிப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அதே புரதம், இடுப்பருகே இருக்கும் நரம்புச் செல்லின் உடலிலிருந்து கால் பெருவிரல் வரை, சுமார் ஒரு மீட்டர், போக எவ்வளவு நேரம்?

கணக்கு உனக்குத் தெரிந்ததுதான். தூரத்தின் வர்க்கத்தை, விரவல் கெழுவின் (எவ்வளவு வேகமாக விரவும் என்று காட்டும் எண்) இரு மடங்கால் வகுக்க வேண்டும். செல்லுக்குள் புரதத்தின் விரவல் கெழுவை நொடிக்கு 10 சதுர மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள். பாக்டீரியாவுக்கு விடை 0.05 நொடி. நரம்புக்கு 5,000 கோடி நொடி, அதாவது ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். சங்கம் மருவிய காலத்தில் இடுப்பிலிருந்து புறப்பட்ட புரதம் இப்போதுதான் பெருவிரலை எட்டிப் பார்க்கும். அப்படியென்றால் விரவலை நம்பி நரம்பு பிழைக்க முடியாது, சுமந்து போக ஆள் வேண்டும். அந்தச் சுமைகாரன் கைனெசின் என்ற புரதம். செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 8 நானோமீட்டர் அடி ஒன்று எடுத்து வைக்கும். நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் வேகம் என்று வைத்தாலும் பன்னிரண்டு நாளுக்குள் பெருவிரல்.

அந்த அடியின் நீளத்தையும் இழுவிசையையும் லேசர் கற்றையால் பிடித்து அளப்பது உயிர் இயற்பியல். ஒளியால் துகளைப் பிடிக்கும் அந்தக் கருவிக்காக ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. கைனெசினைச் செய்யச் சொல்லும் மரபணு எது, அதில் ஓர் எழுத்து பிசகினால் கால் விறைத்துப்போகும் பரம்பரை நோய் ஏன் வருகிறது என்று தேடுவது மூலக்கூறு உயிரியல். சரி, அந்த நரம்புக்கு மருந்தை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வது நானோ மருத்துவம். மூன்று பேரும் ஒரே காரிடாரில்தான் இருப்பார்கள், ஒரே ஃப்ரீசரை வைத்துச் சண்டை போடுவார்கள்.

அந்த நேர்முகத்தில் எனக்கு டிஎன்ஏ படியெடுப்பில் ஒரு எழவும் தெரியாது. இந்தக் கணக்கைப் போட்டேன், 1,600 ஆண்டு என்று வந்ததும் நானே சிரித்துவிட்டேன். எடுத்துக்கொண்டார்கள்.

நானோ மருத்துவம் பற்றி உனக்குச் சொல்ல உன் அப்பாவின் வேலையே போதும். சிரட்டையில் வடியும் பால் வெறும் வெள்ளைத் தண்ணீர் இல்லை. நீரில் மிதக்கும் கோடானுகோடி ரப்பர் உருண்டைகள், பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டம். ஒவ்வோர் உருண்டையின் மேலும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒரு தோல், அந்தத் தோலில் எதிர்மின்னூட்டம். எல்லாம் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. ஷீட் அடிக்க ட்ரேயில் ஃபார்மிக் ஆசிட் விட்டதும் அந்த மின்னூட்டம் அடங்கிவிடும், உருண்டைகள் ஒட்டிக் கட்டியாகும். பாலாகவே வைத்து விற்க வேண்டுமானால் அமோனியா விடுவார்கள். சிரட்டையில் மிச்சம் கிடந்தது தானாகவே உறைந்து ஒட்டுப்பால் ஆவதும் இதே கதைதான், அங்கே அமிலத்தைச் செய்து தருவது பாக்டீரியா.

இப்போது 2020 கடைசியில் வந்த எம்ஆர்என்ஏ தடுப்பூசியைப் பார். 80 முதல் 100 நானோமீட்டர் அளவில் ஒரு கொழுப்பு உருண்டை, உள்ளே ஆர்என்ஏ. அதில் ஒரு வகைக் கொழுப்பு இருக்கிறது. ரத்தத்தின் பிஎச் 7.4-ல் அதற்கு மின்னூட்டம் கிட்டத்தட்ட இல்லை. செல் அந்த உருண்டையை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும், பைக்குள் அமிலம் ஏறும். உடனே இந்தக் கொழுப்பு நேர்மின்னூட்டம் பெறும், பையின் சவ்வில் ஒட்டி அதைக் குலைக்கும், ஆர்என்ஏ வெளியே வரும். ரப்பர் பாலில் அமிலம் மின்னூட்டத்தை அடக்குகிறது, இங்கே கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வகை உருண்டையில் முதலில் அனுமதி பெற்ற மருந்து 2018-ல் வந்த பாட்டிசிரான், நரம்பைப் பாதிக்கும் ஓர் அரிய நோய்க்கு. தடுப்பூசி அதன் தோளில் ஏறி வந்தது. நானோ ஆய்வகத்தில் ஜீட்டா பார்த்தியா என்று தினமும் கேட்பார்கள். அது இந்த மின்னூட்டத்தைத்தான். அப்பா ஆசிட் எவ்வளவு விடலாம் என்று கைக்கணக்கில் அறிந்து வைத்திருப்பதை நாங்கள் மில்லிவோல்ட்டில் எழுதி வைக்கிறோம்.

இயற்பியல்காரர்கள் உயிரியலுக்கு வருவது புதிதும் இல்லை. நம் மாநிலத்திலேயே நடந்த கதை. ஜி.என். ராமச்சந்திரன், சி.வி. ராமனின் மாணவர், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். பக்கத்திலேயே தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வால் தசைநாணில் எடுத்த கொலாஜன் என்ற புரதம் கிடைத்தது. அதில் எக்ஸ்ரே பாய்ச்சி, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரியை 1954-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு 31 வயது. 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து அவர் போட்ட வரைபடம், ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் மடங்க முடியாது என்று காட்டுகிறது. இன்றைக்கும் உலகத்தில் யார் ஒரு புரத அமைப்பை வெளியிட்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுச் சரிபார்த்துத்தான் வெளியிட வேண்டும். கிண்டி வளாகத்தில் அவர் வளர்த்த துறை இப்போதும் இருக்கிறது. பிறகு அவர் பெங்களூரு போய் இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார்.

இன்னொருவர் உனக்கு இன்னும் நெருக்கம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல், அமெரிக்காவில் 1976-ல் இயற்பியல் பிஎச்.டி. அதை முடித்த கையோடு, எனக்கு உயிரியல் தெரியாது என்று மறுபடியும் மாணவராகச் சேர்ந்து இரண்டு வருஷம் உயிரியல் படித்தார். அதற்குப் பிறகும் பேராசிரியர் வேலைக்குச் சுமார் ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார், ஒன்றிலும் கிடைக்கவில்லை. தேசிய ஆய்வகங்களில் வேலை பார்த்து, செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் சிறிய பாதியின் அமைப்பை 2000-ல் வெளியிட்டு, 2009-ல் வேதியியல் நோபல். நோபலை விடு. ஐம்பது இடத்தில் கிடைக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வை, பின்னால் உதவும்.

அடுத்து, பி.எஸ்சி.க்குப் பிறகு என்ன. என் கருத்து கொஞ்சம் கறாரானது: இயற்பியலை விடாதே. பெயரில் நானோ என்று போட்ட பட்டப்படிப்புகள் நிறைய முளைத்திருக்கின்றன. சில நல்லவை, ஆனால் பலவற்றில் இயற்பியலும் அரைகுறை, வேதியியலும் அரைகுறை, உயிரியல் படம் பார்க்கிற அளவுக்கு. வேலைக்கு எடுப்பவர்கள் பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்குவதில்லை, உனக்கு என்ன அளக்கத் தெரியும் என்றுதான் கேட்கிறார்கள். புள்ளியியல், வெப்ப இயக்கவியல், ஒளியியல், கொஞ்சம் பைதான், இவை கையில் இருந்தால் உயிரியலை ஒரு வருஷத்தில் வேண்டிய அளவு படித்துவிடலாம். உயிரியல் மட்டும் படித்தவர் முப்பது வயதில் வகைநுண்கணிதம் கற்பதுதான் பாடு.

மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற நுழைவுத் தேர்வை எழுது. பிப்ரவரியில் நடக்கும். ஐஐடிகளில் எம்.எஸ்சி.க்கு அது வாசல், ஐஐஎஸ்சியில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்புக்கும் அதுவே. உயிரியல் பிரிவுக்கு இயற்பியல் தாளோடு விண்ணப்பிக்கலாம். பெங்களூரிலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் இருக்கும் தேசிய உயிரியல் மையம், என்சிபிஎஸ், தனியாகத் தேர்வு வைக்கிறது. அவர்களுக்கு இயற்பியல் பிள்ளைகள் என்றால் ஒரு தனிப் பிரியம். இதெல்லாம் கிடைக்காமல் போனாலும் உலகம் முடிந்துவிடாது. நல்ல எம்.எஸ்சி. இயற்பியல், அல்லது சென்னை கிண்டியில் உயிர் இயற்பியல், அதன்பின் சிஎஸ்ஐஆர் நெட், கேட் என்ற தகுதித் தேர்வுகள். எனக்கு ஜாம் முதல் தடவை தேறவில்லை. கிண்டி வழியாகத்தான் போனேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்ய வேண்டும், இதை நம் பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நாம் சென்னையை நினைத்து மலைத்துப்போய் இருக்கிறோம், அது எழுநூறு கிலோமீட்டர். குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் ஒரு மணி நேரம் சொச்சம். அங்கே ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் இருக்கிறது, மூலக்கூறு உயிரியலும் புற்றுநோய் ஆய்வும். பாப்பனங்கோட்டில் சிஎஸ்ஐஆரின் நிஸ்ட் ஆய்வகம், வேதியியலும் பொருளறிவியலும். விதுராவில் ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம். பூஜப்புராவில் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. இந்தியாவிலேயே செய்த முதல் செயற்கை இதய வால்வு அங்கேதான் உருவானது, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோகமும் பிளாஸ்டிக்கும் ரத்தத்தைத் தொட்டால் ரத்தம் என்ன செய்யும் என்று அவர்கள் பல வருஷம் உட்கார்ந்து பார்த்த பார்வைதான் நானோ மருத்துவத்துக்கும் அடிப்படை. நம் மாவட்டத்துக்குள்ளேயே ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது, கடல் உயிரிகளிலிருந்து மருந்துக்கு ஆகும் மூலக்கூறுகளைத் தேடுகிறவர்கள் அங்கே உண்டு. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் இந்த இடங்களில் எங்காவது பைப்பெட் பிடித்துப் பார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து உதவித்தொகையோடு கோடைக்கால ஆய்வுப் பயிற்சி நடத்துகின்றன, விண்ணப்பம் முந்தின ஆண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிடும். உனக்கு இந்த வேலை பிடிக்குமா பிடிக்காதா என்று அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

பிடிக்காமல் போவதற்கும் வாய்ப்பு உண்டு என்பதால் ஒரு கதை சொல்கிறேன். பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. தங்க நானோ துகள் செய்து, எலியின் நோயெதிர்ப்புச் செல்கள் மேல் விட்டுக்கொண்டிருந்தேன். செல்கள் கொதித்துப்போய் அழற்சிப் புரதங்களை அள்ளி வீசின. தங்கம் நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது, பெரிய பேப்பர் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு மாதம். துகளின் அளவை மாற்றினேன், மேற்பரப்பை மாற்றினேன், வரைபடம் வரைபடமாக வரைந்தேன். கடைசியில் பக்கத்து லேபில் ஒரு அண்ணன், "தண்ணியை மட்டும் விட்டுப் பாத்தியா?" என்றார். விட்டேன். தங்கமே இல்லாமல் செல்கள் அதே கொதி கொதித்தன.

குற்றவாளி எண்டோடாக்சின். சில வகை பாக்டீரியாக்களின் வெளித்தோலில் இருக்கும் ஒரு பொருள். பாக்டீரியா செத்தாலும் அது சாகாது, ஆட்டோகிளேவில் போட்டு எடுத்தாலும் மிச்சம் இருக்கும். கண்ணாடிக் குடுவையை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால்தான் போகும். எங்கள் வடிநீர்க் கருவியின் வடிகட்டியை மாற்ற வேண்டிய தேதி எப்போதோ கடந்திருந்தது, யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த சத்தை வைத்துச் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது, துளி எண்டோடாக்சின் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். அதை முதல் நாளே செய்திருந்தால் ஏழு மாதம் மிச்சம். கைடிடம் போய்ச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "நல்லவேளை, பேப்பர் போடுவதற்கு முன்னால்" என்றார், அவ்வளவுதான். அன்று ராத்திரி ஹாஸ்டலில் சாப்பிடாமல் படுத்தேன். இந்த மாதிரி ஒரு நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குத் திரும்பவும் லேபுக்குப் போக மனசு வருகிறதா என்பதுதான் இந்த வேலைக்கான உண்மையான தகுதித் தேர்வு. நெட் அதற்குப் பிறகுதான்.

நானோ மருத்துவத்தில் உள்ள உண்மை நிலவரத்தையும் தெரிந்துகொண்டு வா. வீடியோக்களில் குட்டி ரோபோ ரத்தத்தில் நீந்திப் போய்ப் புற்றுக்கட்டியைச் சுடும். நிஜத்தில், துகள் ரத்தத்தில் இறங்கிய நொடியிலேயே ரத்தப் புரதங்கள் அதன்மேல் அப்பிக்கொள்ளும், நீ பார்த்துப் பார்த்துச் செய்த மேற்பரப்பு மறைந்துபோகும். ஆறு நானோமீட்டருக்கும் சிறியது என்றால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும், பெரியது என்றால் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துத் தின்னும். பத்து வருஷத்து ஆய்வுகளைத் தொகுத்து டொராண்டோ குழு ஒன்று 2016-ல் கணக்குப் போட்டது. செலுத்திய நானோ துகளில் புற்றுக்கட்டிக்குப் போய்ச் சேர்வது, இடைநிலை மதிப்பு, 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தக் கட்டுரை வந்த வாரம் எங்கள் லேப் மீட்டிங்கில் யாரும் டீ குடிக்கவில்லை.

ஆனாலும் இந்தத் துறை வெறும் பேச்சு இல்லை. டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறப் புற்றுநோய் மருந்து இதயத்தைக் கெடுக்கும். அதை 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புப் பைகளில் அடைத்து 1995-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள், இதயத்துக்கு வரும் கேடு குறைந்தது. 2012-ல் அங்கே அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நம் சன் ஃபார்மா செய்யும் அதே வகை மருந்தை இறக்குமதி செய்யத்தான் அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். 2021-ல் கருப்புப் பூஞ்சை வந்தபோது ஆம்போடெரிசின் ஊசிக்கு ஊர் ஊராக அலைந்தது நினைவிருக்கும். எல்லோரும் தேடியது லைப்போசோமல் வகை, அதுவும் கொழுப்புப் பைதான், சிறுநீரகத்தை அவ்வளவாகக் கெடுக்காது என்பதற்காக. அப்புறம், கோவிட் வீட்டுச் சோதனை அட்டைகளில் பெரும்பாலானவற்றில் தெரிந்த அந்தச் சிவப்புக் கோடு தங்க நானோ துகள். தங்க பஸ்பமும் நானோதானே என்று ஊரில் உன்னிடம் கேட்பார்கள். துகள் சிறியதாக இருப்பது வேறு, எவ்வளவு கொடுத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரிந்திருப்பது வேறு, இரண்டாவதுதான் மருந்து என்று சொல். சண்டை வேண்டாம்.

பணம். இதை யாரும் நேராகச் சொல்வதில்லை. நெட் எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கி பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் தொகை, வீட்டு வாடகைப்படி தனி. ஹாஸ்டலில் இருந்தால் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம், நான் அனுப்பினேன். ஆனால் தொகை மாதாமாதம் ஒன்றாம் தேதி வரும் என்று நம்பிக் கடன் வாங்காதே. சில சமயம் மூன்று மாதம் சேர்த்து வரும். கையில் இரண்டு மாதச் செலவு எப்போதும் இருக்கட்டும். பிஎச்.டி. ஐந்து வருஷம் என்பார்கள், ஐந்தரை, ஆறு என்று வைத்துக்கொள். முடிக்கும்போது உனக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது. அதன்பின் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வு வேலை, இங்கே என்றால் 58,000-லிருந்து தொடங்கும், வெளிநாடு என்றால் வேறு கணக்கு. மூன்று நான்கு வருஷம். நிலையான வேலை முப்பத்திரண்டு, முப்பத்திமூன்றில். ஐஐடி, ஐசரில் உதவிப் பேராசிரியர் என்றால் அடிப்படைச் சம்பளம் 1,01,500, சிஎஸ்ஐஆர் ஆய்வகத்தில் விஞ்ஞானியாகத் தொடங்கினால் 67,700, மேலே படிகள். உன் கூடப் படித்து பி.எட். முடித்த பெண் இருபத்து மூன்றிலேயே சம்பளம் வாங்குவாள், அதையும் மறைக்காமல் அப்பாவிடம் சொல். நம் ஊர் நர்ஸ் பிள்ளைகள் இருபத்தைந்தில் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வீடு கட்டிவிடுகிறார்கள். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்க மாட்டோம்.

பிஎச்.டி. முடித்த எல்லோருக்கும் பேராசிரியர் நாற்காலி இல்லை. என் லேபில் என்னோடு இருந்த ஆறு பேரில் பேராசிரியர் ஆனது இரண்டு பேர். மற்றவர்கள் கெட்டுப்போகவில்லை. ஒருத்தி ஹைதராபாத்தில் தடுப்பூசிக் கம்பெனியில் துகள்களின் தரம் பார்க்கிறாள், என்னைவிட அதிகச் சம்பளம். ஒருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கி விற்கும் நிறுவனத்தில் கருவியைக் கற்றுக்கொடுக்கும் வேலை, பாதி நாள் விமானத்தில். ஒருவர் காப்புரிமை எழுதுகிறார். ஒருவர் புரதத்தைக் கணினியில் மடக்கிப் பார்க்கப் போய், அப்படியே தரவு அறிவியலில் நின்றுவிட்டார். இவர்கள் எல்லோருக்கும் சோறு போட்டது ஏதோ ஒரு கருவியை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்திருந்ததுதான், தீசிஸ் தலைப்பு இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயரையும் விருதையும் மட்டும் பார்க்காதே. அவர் மாணவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே, லேபில் பழுதான கருவியை யார் சரிசெய்கிறார்கள் என்று அங்கே இருக்கும் சீனியர்களிடம் தனியாகக் கேள். கேன்டீனில் கேள், லேபில் கேட்டால் உண்மை வராது.

ஆல்ஃபாஃபோல்ட் வந்துவிட்டதே, புரத அமைப்பை இனி கணினியே சொல்லிவிடுமே, நமக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். 2024 வேதியியல் நோபலில் அதற்கும் பங்கு கிடைத்தது, உண்மைதான். புரதம் எப்படி மடங்கி நிற்கும் என்று அது சொல்லும். நகரும்போது என்ன ஆகும், மருந்து ஒட்டினால் என்ன ஆகும் என்பதில் இன்னும் நிறைய வேலை கிடக்கிறது. பயப்படாதே.

கல்யாணப் பேச்சு எப்படியும் வரும், பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் வரும். எனக்கு வந்தது. தேதி தள்ளிப்போட முடியும், தீசிஸையும் கொஞ்சம் தள்ளிப்போட முடியும், ஆனால் இரண்டையும் மற்றவர்கள் முடிவு செய்ய விடாதே. இடையில் பிள்ளை, குடும்பம் என்று சில வருஷம் விட்டுப்போனால் திரும்பி வரப் பெண்களுக்கென்றே உதவித்தொகைகள் இருக்கின்றன. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண், உயிர்த்தொழில்நுட்பத் துறையின் பயோகேர். ஜேஆர்எஃப் வயது வரம்பிலும் பெண்களுக்கு ஐந்து வருஷத் தளர்வு உண்டு. என் தோழி ஒருத்தி நான்கு வருஷ இடைவெளிக்குப் பின் அப்படித்தான் திரும்பி வந்தாள்.

என்ன ஆராய்வது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கேள்வி தேடி எங்கேயும் போக வேண்டாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நம் கடற்கரையில் இருக்கும் மணவாளக்குறிச்சி மணல். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர், நம் கரையிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் தோரியம் அப்போது கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. அந்த மணல்மேல்தான் நம் கடற்கரை ஊர்கள் இருக்கின்றன. தோரியம் சிதைந்து வரும் காமாக்கதிர் டிஎன்ஏ இழையை அறுக்கும், செல் அதைத் தைக்கும். எவ்வளவு அறுபட்டால் எவ்வளவு தைக்க முடியும்? கேரளத்தில் இதே மாதிரி மணல் உள்ள கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கும் மேல் பின்தொடர்ந்து 2009-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள், தரைக் கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஆனால் அது கருநாகப்பள்ளி. அதை அப்படியே பெயர்த்து நம் கரைமேல் வைக்க முடியாது. ஊரில் இதைப் பற்றிப் பேச்சும் போராட்டமும் நடக்கும்போது இரண்டு பக்கமும் கத்துகிறார்கள், செல்லைத் தொட்டு அளந்து பேசுகிறவர்கள் குறைவு. இயற்பியலும் மூலக்கூறு உயிரியலும் தெரிந்த ஒரு உள்ளூர்ப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குச் சந்தோஷம்.

கடைசியாக, கோடைப் பயிற்சிக்கு விஞ்ஞானிகளுக்கு எப்படி மெயில் எழுதுவது என்று நீ கேட்கவில்லை, ஆனால் இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நாற்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதே, பார்த்ததும் தெரிந்துவிடும். ஒருவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் உனக்குப் புரிந்த ஒரு படத்தைப் பற்றி இரண்டு வரி எழுது, புரியாத ஒன்றைப் பற்றி ஒரு கேள்வி கேள். உனக்கு என்ன செய்யத் தெரியும், எந்த மாதங்களில் வர முடியும் என்று சொல். மதிப்பெண் பட்டியலை இணை. பத்து வரிக்கு மேல் வேண்டாம், உங்கள் மகத்தான பணி என்றெல்லாம் வேண்டவே வேண்டாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டு. பூஜப்புராவுக்கும் விதுராவுக்கும் முதலில் எழுது மக்ளே, விதுராவுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து பஸ் மாற வேண்டும், காலை முதல் ரயிலைப் பிடித்தால்தான் சரியாக இருக்கும்.